பக்க எண்ணைக் கேட்கும் வகுப்பு: வேலூரில் ஒரு நாவல் வாசிப்புப் பயிற்சி

வேலூர் தோட்டப்பாளையத்தில், பழைய வீடொன்றின் மாடி அறையில், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணி வரை நடைபெறும் நாவல் வாசிப்புப் பயிற்சியின் ஒரு சுற்று அண்மையில் நிறைவடைந்தது. பன்னிரண்டு வாரங்கள் கொண்ட இந்தப் பயிற்சியைப் புத்தக ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். வகுப்பெடுப்பவர் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். கட்டணம் 1,800 ரூபாய். மாணவர்களுக்கு 900 ரூபாய். ஒரு சுற்றுக்கு இரண்டு நாவல்கள் என்பது ஏற்பாடு. இந்தச் சுற்றில் முதல் எட்டு வாரங்களுக்குச் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யும், எஞ்சிய நான்கு வாரங்களுக்கு மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ம் எடுத்துக்கொள்ளப்பட்டன. முழுச் சுற்றிலும் இருந்து படித்தவன் என்ற முறையில், அடுத்த சுற்றில் சேர எண்ணுபவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நாவலைக் கதைக்கரு, பாத்திரப் படைப்பு, குறியீடு என்று தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்குவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அந்த வழியில் பழகியவர்கள். ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், தமிழ் முதுகலை மாணவிகள், மருத்துவமனையில் பணிபுரியும் ஒரு செவிலியர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் ஒருவர், அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பேருந்து பிடித்து வரும் ஒரு விவசாயி மகன் என்று பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள். முதல் வகுப்பில், “இந்த நாவலின் கதைக்கரு என்ன?” என்று பேராசிரியர் கேட்கவே இல்லை. முதல் அத்தியாயத்தை வாய்விட்டு வாசிக்கச் செய்தார். நாவலில் வரும் நாகர்கோவில் வட்டாரப் பேச்சு வடஆர்க்காட்டுக் காதுக்கு எளிதில் பிடிபடாது என்பதால், தடுமாறிய இடங்களைத் தாமே மறுபடி வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகு, முதல் வரிசையில் இருந்த மாணவர் ஒருவர், “புளியமரம் மரபோட குறியீடு, ஐயா” என்று சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றுதான்: “எந்தப் பக்கத்துல அப்படி இருக்கு, தம்பி?”

பயிற்சியின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. யார் என்ன கருத்துச் சொன்னாலும் பக்க எண் கேட்கப்படும். பக்கத்தைக் காட்டினால், அந்தப் பத்தியை எல்லோரும் எடுத்து வாசிப்பார்கள். கருத்து அந்தப் பத்தியில் உண்மையாகவே இருக்கிறதா, வாசகர் தம் மனத்திலிருந்து கொண்டுவந்து அதன்மேல் வைத்தாரா என்று பார்ப்பார்கள். பக்கம் காட்ட முடியாத கருத்து விலக்கப்படுவதில்லை. கரும்பலகையின் வலப்பக்க ஓரத்தில் எழுதி வைக்கப்படும்; பின்னால் வரும் வாரங்களில் அதற்கு ஆதாரம் கிடைத்தால் இடப்பக்கத்துக்கு மாறும். எட்டாவது வாரத்தில், “புளியமரம் மரபின் குறியீடு” என்ற அந்த முதல் வாக்கியம் வலப்பக்கத்திலேயே நின்றதையும், அதைச் சொன்ன மாணவரே அது ஏன் போதாது என்று விளக்கியதையும் பார்த்தபோது, கட்டணத்துக்கு உரிய பலன் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1959இல் ‘சரஸ்வதி’ இதழில் தொடராக வெளிவரத் தொடங்கி, 1966இல் நூலாக முழுமை பெற்றது. ஒரு காலத்தில் குளத்தின் நடுவே நின்ற புளியமரம், குளம் தூர்க்கப்பட்டு ஊர் வளர்ந்தபின் முச்சந்தியில் நிற்கிறது. சுற்றிலும் கடைகள் வருகின்றன. மரத்தின் காய்களை நகராட்சி ஏலம் விடுகிறது. வியாபாரிகளின் போட்டியும் பத்திரிகையும் தேர்தலும் மரத்தைத் தத்தம் தேவைக்கு இழுக்கின்றன. வெட்ட வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. தெய்வமாக்கிக் கும்பிடுகிறது மற்றொரு தரப்பு. கடைசியில் மரத்துக்கு நஞ்சு வைக்கப்படுகிறது. இவ்வளவுக்கும் மரம் செய்தது எதுவும் இல்லை. நின்றது, தழைத்தது, காய்த்தது, பட்டுப்போனது.

இந்தக் கதையில் குறியீட்டைத் தேடுவது சுலபம். தேடாமல் இருப்பதுதான் கடினம். பேராசிரியர் அதனால்தான் மூன்றாவது வாரம் முழுவதையும் மரத்தை மரமாகப் பார்ப்பதற்கே ஒதுக்கினார். அன்று அணைக்கட்டு இளைஞர் பேசியது பயிற்சியின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. அவர் குடும்பத்தார் சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலத்தில் எடுத்துப் பழகியவர்கள். மாசி, பங்குனியில் பழம் உலுக்குவது, ஆட்களைக் கொண்டு பொறுக்கச் செய்வது, ஓடு தட்டுவது, கொட்டை எடுப்பது, நார் நீக்குவது, காய்ப்பு குறைந்த ஆண்டில் ஏலத்தொகை கைக்கு வராமல் போவது, ஏலம் எடுத்தவருக்குத் தெரியாமல் ஊர்ப் பிள்ளைகள் கல்லெறிந்து பழம் பறிப்பது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அவர் சொல்லி முடித்ததும், நாவலில் ஏலம் வருகிற பக்கங்களை எடுத்து வாசித்தோம். அதுவரை கதையின் ஒரு நிகழ்ச்சியாக மட்டும் தெரிந்த ஏலம், மரத்தின் வாழ்வைத் திசைதிருப்பும் இடமாகத் தெரிந்தது. யாருக்கும் சொந்தமில்லாத மரம், விலை வைக்கப்பட்ட நாளிலிருந்து பகைக்குரிய பொருளாகிறது. ‘மரபு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இதை அடைக்க முடியாது. பணம், அதிகாரம், பெருமிதம், பயம் எல்லாம் அந்த மரத்தைச் சுற்றி வந்து போகின்றன. மரத்தின் பொருள், அதைப் பார்ப்பவரைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது.

அதே வாரத்தில் எழுந்த இன்னொரு கேள்வி: ஏன் புளியமரம்? ஏன் ஆலோ அரசோ வேம்போ இல்லை? அரசமரத்தடியில் பிள்ளையார் இருப்பார். வேப்பமரம் அம்மனுக்கு உரியது. ஆலமரத்தடியில் பஞ்சாயத்து கூடும். புளியமரத்துக்கோ நம் ஊர்களில் அப்படியொரு மரியாதை கிடையாது. அதன் நிழலில் படுத்து உறங்கக் கூடாது என்பார்கள். பேய் குடியிருக்கும் மரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். ஆனால் அதன் பழம் இல்லாமல் ஒரு வீட்டிலும் குழம்பு கொதிக்காது. அன்றாடம் பயன்படுவதும் வணங்கப்படாததுமான ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதால்தான், அது திடீரென்று தெய்வமாக்கப்படும்போது அந்தப் பக்தியின் உள்நோக்கம் வாசகருக்கு உறைக்கிறது. அரசமரமாக இருந்திருந்தால் அந்தக் கும்பிடு இயல்பாகத் தோன்றியிருக்கும். கதையின் கசப்பு குறைந்திருக்கும். ஒரு குறியீட்டை விளக்கும்போது, அதன் இடத்தில் வேறொன்றை வைத்துப் பார்த்து, எது கெட்டுப்போகிறது என்று கவனிக்கும் இந்த முறையை நான் எந்த நோட்ஸிலும் பார்த்ததில்லை. அதன்பின் படித்த நாவல்களிலெல்லாம் இதைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாவலில் காற்றாடி மரத் (சவுக்கு மரத்) தோப்பு வெட்டப்படும் பகுதிக்கு ஒரு வகுப்பு முழுவதும் போயிற்று. தோப்பை அழித்துவிட்டுப் பூங்கா அமைக்கிறார்கள். மரங்களை வெட்டிவிட்டுச் செடி வைப்பது எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்கும் எளிய கேள்விகளும், அவற்றுக்குக் கிடைக்கும் பதில்களும் நாவலின் புகழ்பெற்ற உரையாடல். வாசித்து முடித்தவுடன், சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை விரிவாக்கத்தில் வாலாஜாவுக்கும் வேலூருக்கும் இடையே சாலையோர மரங்கள் போனதைப் பற்றிப் பலரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். பேராசிரியர் அதைத் தடுக்கவில்லை. அரை மணி நேரம் பேசவிட்டார். பிறகு, “இப்போ நீங்க சொன்னதெல்லாம் நம்ம ரோட்டைப் பத்தி. பெரியவர் பேசுறது இதுதானா?” என்று கேட்டுப் பக்கத்துக்குத் திரும்பினார். திரும்பி வாசித்தபோது தெரிந்த வேறுபாடு முக்கியமானது. நாங்கள் பேசியது இழப்பைப் பற்றி. பெரியவர் பேசுவதிலோ புலம்பலே இல்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை, அதனால் கேட்கிறார். அவர் கேள்விகள் அப்பாவித்தனமாக இருப்பதால்தான், பதில் சொல்பவரின் முன்னேற்றக் கணக்கு தானாகவே பொருளற்றுப் போகிறது. ஆசிரியர் தம் கருத்தை எங்கும் சொல்லாமல், இரண்டு பேரைப் பேசவைத்தே கருப்பொருளை வெளிப்படுத்தும் இடம் அது. வாசகர் தம் ஊரைக் கொண்டுவந்து நாவலில் வைத்துப் பார்ப்பது நல்லதுதான். வைத்தபின் நாவலின் ஓசையை மறந்துவிடக் கூடாது என்பதை, அந்த ஒரு வகுப்பில் யாரும் அறிவுரையாகச் சொல்லாமலேயே தெரிந்துகொண்டோம்.

பாத்திரங்களைப் பொறுத்தவரை, தாமோதர ஆசானுக்குச் செலவிட்ட இரண்டு வாரங்களும் வீண்போகவில்லை. புளியமரத்தின் பழைய கதைகள் நமக்குக் கிடைப்பது ஆசான் வாயிலாகத்தான். மகாராஜாவின் வருகையும், அவர் முகத்தில் அடித்த குளத்து நாற்றமும், குளம் தூர்க்கப்பட்டதும், மரம் வெட்டுக்குத் தப்பியதும் ஆசான் சொல்லி, அதைக் கேட்ட ஒருவர் நமக்குச் சொல்லும் செய்திகள். கூட்டம் சேர்த்துக் கதை சொல்வதில் மகிழ்ச்சி காணும் மனிதர் ஆசான். எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர்கள் தவிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே, அவர் சொல்லும் வரலாற்றில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சேர்க்கப்பட்டது என்பதை வாசகரால் உறுதியாகப் பிரிக்க முடியாது. கணக்கு எழுதும் நண்பர் இங்கே ஒரு நல்ல கேள்வி எழுப்பினார்: ஆசானின் கதைகளை நம்பலாமா என்று தெரியாதபோது, அவற்றிலிருந்து மரத்துக்கு நாம் ஏற்றும் பொருளை எப்படி நம்புவது? இதைப் பற்றி நடந்த விவாதத்தில், குறியீடு என்பது ஆசிரியர் ஒளித்து வைத்த விடை என்ற எண்ணமே பலரிடம் ஆட்டம் கண்டது. மரத்துக்கு முதலில் பொருள் ஏற்றுபவர் ஆசான், பிறகு ஊர், பிறகு பத்திரிகை, பிறகு பக்தர்கள், கடைசியில் வாசகர். நாவல் இந்தப் பொருளேற்றத்தையே தன் கதையாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பேராசிரியர் சொன்னபோது, அதற்குமுன் ஏழு வாரங்களாகச் சேர்ந்த பக்க எண்கள் எல்லாம் பலகையின் இடப்பக்கத்தில் அதற்குச் சான்றாக நின்றன.

குறையாகச் சொல்ல வேண்டியதும் இந்தப் பகுதியிலேயே இருக்கிறது. அந்த மரத்தில் தூக்கிட்டு இறந்த செல்லத்தாயியைப் பற்றிச் செவிலியராக இருக்கும் அம்மையார் பேசத் தொடங்கினார். மரம் வெட்டப்பட வேண்டும் என்ற பேச்சு அந்தச் சாவிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் ஆசானின் கதையில் மரத்தைக் காப்பாற்றிய சாமர்த்தியம் எவ்வளவு விரிவாகச் சொல்லப்படுகிறது, இறந்த பெண்ணின் மனம் எவ்வளவு குறைவாகச் சொல்லப்படுகிறது என்று அவர் கேட்டார். மிகச் சரியான கேள்வி. கேட்பவர்களை மயக்கும் கதைசொல்லி எதைக் கதைக்கு உதவும் பொருளாக மட்டும் பயன்படுத்துகிறார் என்பதை இங்கே பார்த்திருக்கலாம்; ஆசானின் பாத்திரத்தையே இது வேறு வெளிச்சத்தில் காட்டியிருக்கும். அந்த இடைவெளி ஆசானுடையதா, நாவலுடையதா என்ற அடுத்த கேள்விக்கும் போயிருக்கலாம். பேராசிரியர் பத்து நிமிடத்தில் அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றுவிட்டார். அவ்வளவு பொறுமையாகப் பக்கம் பக்கமாகச் செல்லும் ஒருவர் இந்த இடத்தில் மட்டும் விரைந்ததை நான் குறையாகவே கருதுகிறேன். பெண் பாத்திரங்களுக்கென்று ஒரு வகுப்பைத் தனியாக ஒதுக்கச் சொல்லிப் பங்கேற்றவர்கள் சிலர் அமைப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

‘அகல் விளக்கு’க்கு வந்தபோது அறையின் சூழலே மாறியது. மு.வ. வாலாஜாபேட்டைக்கு அருகிலுள்ள வேலம் கிராமத்தைச் சேர்ந்தவர். திருப்பத்தூரில் வேலை பார்த்தவர். 1958இல் வெளிவந்த இந்த நாவலுக்கு 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். வாலாஜாவும் பாலாறும் நாவலுக்குள்ளேயே வருவதால், எல்லோருக்கும் இது வீட்டுக்கதையைப் போல உரிமை உள்ளதாயிற்று. நண்பர்கள் இருவர்: அழகும் அறிவும் நிறைந்த சந்திரன், எதிலும் சாதாரணமான வேலய்யன். கதையைச் சொல்பவன் வேலய்யன். சந்திரன் சென்னைக்குப் படிக்கச் சென்று, மனத்தை அடக்க இயலாமல் நிலைகுலைந்து, நோயுற்று மடிகிறான். வேலய்யன் மெல்ல மெல்லக் காலூன்றுகிறான். பளிச்சென்று ஒளிர்ந்து அணைவதைவிட, அடங்கி எரியும் அகல் விளக்கு மேலானது என்பது தலைப்பே சொல்லும் செய்தி.

முதல் நாவலோடு ஒப்பிட்டால், இங்கே குறியீடு வெளிப்படையானது. ஆசிரியரே பெயர் சொல்லி அழைத்து வந்து நம்முன் நிறுத்துகிறார். இதனால் இந்த நாவலைத் தாழ்வாகப் பார்க்கும் போக்கு இளைஞர்கள் சிலரிடம் இருந்தது. பேராசிரியர் அதற்கு உடன்படவில்லை. அறத்தை நேராகச் சொல்வது ஒரு மரபு. திருக்குறளுக்குத் தெளிவுரை எழுதிய ஒருவர், அடக்கமுடைமை அதிகாரத்தின் வாசகராக இருந்துகொண்டு நாவல் எழுதும்போது, அவர் எதை மறைக்காமல் சொல்கிறார் என்பதோடு, சொல்ல நினைக்காமலேயே எதைச் சொல்லிவிடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். அந்த வழியில் சென்றபோதுதான் நாவலின் சுவையான சிக்கல் பிடிபட்டது. ஆசிரியரின் சம்மதம் முழுவதும் வேலய்யனுக்கு. ஆனால் வாசகர் மனத்தில் நிற்பவன் சந்திரன். வேலய்யன் நல்லவன் என்று நமக்குத் தெரியும். சந்திரனின் தவிப்போ நம்மைத் தொடுகிறது. ஒரு வகுப்பில் இரண்டு பாத்திரங்களைப் பற்றியும் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். சந்திரனைப் பற்றி எல்லோரும் நிகழ்ச்சிகளாக எழுதினார்கள். வேலய்யனைப் பற்றிப் பண்புகளாக எழுதினார்கள். அடக்கம், பொறுமை, நன்றி என்று சொற்கள்தான் வந்தன. எந்தப் பாத்திரம் உயிரோடு எழுந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை.

ஆனாலும் வேலய்யன் வெறும் பண்புப் பட்டியல் என்று முடித்துவிடுவது அவசரம் என்பதே என் கருத்து. கதையைச் சொல்பவன் அவன். சந்திரனின் வீழ்ச்சியை நமக்குத் தருவது அவன் நினைவு. தன்னைவிட எல்லாவற்றிலும் உயர்ந்திருந்த நண்பன் தாழ்ந்ததைச் சொல்லும்போது, அவன் அன்பினால் மட்டும்தான் சொல்கிறானா? சிறுவயதில் ஒப்பிடப்பட்டுத் தாழ்ந்துபோன மனத்தின் சிறு நிறைவு எங்கேனும் கலந்திருக்கிறதா? இப்படிக் கேட்டால் பெரும்பாலான இடங்களில் நாவல் ‘இல்லை’ என்றே பதில் தருகிறது. ஆனாலும், கேட்டுக்கொண்டு வாசிக்கும்போது வேலய்யனின் குரலில் இதுவரை கவனிக்காத தயக்கங்கள் காதில் விழுகின்றன. சோதிடத்தையும் மந்திரத்தையும் நம்பும் மாலனையும் இவர்களோடு சேர்த்துப் பார்த்தால், நாவல் ‘நல்லவன், கெட்டவன்’ என்ற இரண்டு தட்டில் நிற்கவில்லை என்பதும் தெரியும். தன் முயற்சியில் நம்பிக்கை இல்லாமல் வெளியே துணை தேடுபவன் மாலன். தன்மேல் அளவுகடந்த நம்பிக்கை வைத்துச் சரிபவன் சந்திரன். வேலய்யனின் அடக்கம் இந்த இரண்டுக்கும் நடுவே வைத்து எடைபோடப்படுகிறது. மாலனுக்கு வகுப்பில் போதிய இடம் கிடைத்தது மகிழ்ச்சி தந்தது.

பாலாற்றைப் பற்றி நடந்த வாக்குவாதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மேலே மணல், உள்ளே ஊற்று. ஆகவே பாலாறும் அகல் விளக்கும் ஒன்றே, இரண்டும் வேலய்யன்தான் என்று முதுகலை மாணவி ஒருவர் விளக்கினார். அழகான விளக்கம். ஆற்று மணலில் கையால் தோண்டி ஊற்றெடுத்த நினைவுள்ள பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். வழக்கம்போலப் பக்கம் கேட்கப்பட்டது. ஆற்றின்மேல் கதைசொல்லிக்கு உள்ள பற்றைக் காட்டும் இடங்களை அவர் காட்டினார். ஆறும் விளக்கும் ஒன்றோடொன்று இணைக்கப்படும் இடத்தைக் காட்ட இயலவில்லை. கருத்து வலப்பக்கத்துக்குப் போயிற்று. அந்த மாணவி சோர்ந்துவிடாமல், அடுத்த வாரம் நாவலை மறுபடி படித்துவிட்டு வந்து, “ஆறு வேலய்யனோட குறியீடுன்னு சொன்னது தப்பா இருக்கலாம், ஐயா. ஆனா அவன் எதை நேசிக்கிறவன்னு ஆறு காட்டுது” என்றார். “அதை இடப்பக்கம் எழுதும்மா” என்று பேராசிரியர் சுண்ணக்கட்டியை அவர் கையில் கொடுத்தார். குறியீட்டுக்கும், பாத்திரத்தை வெளிப்படுத்தும் ஒரு பொருளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு துல்லியமாக விளங்கியது அன்றைக்குத்தான்.

பயிற்சியோடு 150 ரூபாய்க்குத் தனியே விற்கப்படும் கையேட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வகுப்பில் பன்னிரண்டு வாரங்களாக எதை விலக்கச் சொன்னார்களோ, அதையே கையேடு அட்டவணை போட்டுத் தருகிறது. ஒரு பக்கம் பொருளின் பெயர், எதிர்ப்பக்கம் அது எதன் குறியீடு என்று ஒரு சொல். காற்றாடித் தோப்புக்கு ‘இயற்கை’, பூங்காவுக்கு ‘நாகரிகம்’, கடைகளுக்கு ‘வணிகம்’. தேர்வுக்குப் படிப்பவர்கள் வகுப்பை விட்டுவிட்டு இந்த அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார்கள். இது அமைப்பாளர்கள் வேறொருவரைக் கொண்டு தயாரித்தது என்று தெரிகிறது. இதை நிறுத்திவிட்டு, வகுப்பில் கரும்பலகையில் சேர்ந்த வாக்கியங்களைப் பக்க எண்களோடு அச்சிட்டுக் கொடுத்தால், அடுத்த சுற்றில் வருபவர்களுக்கு அதைவிட நல்ல துணை இருக்காது. பக்க எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், எந்தப் பதிப்பு என்று முன்கூட்டியே அறிவிப்பதும் அவசியம். இந்தச் சுற்றில் மூன்று விதப் பதிப்புகள் அறையில் இருந்தன. ஒவ்வொரு முறையும் பத்தியைத் தேடுவதில் நேரம் போயிற்று.

இடவசதி பற்றி இரண்டு வார்த்தை. மாடி அறை கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கே தெரியும். சித்திரை, வைகாசியில் பதினோரு மணிக்குமேல் மின்விசிறி அனல் காற்றைத்தான் சுழற்றுகிறது. வயதானவர்களுக்குப் படிக்கட்டு சிரமம். தேநீர் கட்டணத்தில் அடக்கம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கிறது. கிராமங்களிலிருந்து வருபவர்கள் பத்து மணிக்குள் வந்து சேர முடிவதில்லை. தொடக்க நேரத்தை அரை மணி தள்ளி வைத்தால் நல்லது.

தேர்வுக்கான குறிப்புகள் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பயிற்சி ஏற்றதன்று. அவர்கள் நான்காம் வாரத்திலேயே பொறுமை இழப்பார்கள், இந்தச் சுற்றிலும் சிலர் அப்படி நின்றுவிட்டார்கள். நாவலை ஒருமுறை படித்துக் கதை தெரிந்துகொண்டதோடு நிறுத்திவிடும் பழக்கம் உள்ளவர்களும், இலக்கியம் படித்தும் குறியீடு என்றால் விடுகதைக்கு விடை கண்டுபிடிப்பது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களும் அவசியம் சேர வேண்டும். சேருபவர்கள் இரண்டு நாவல்களையும் முதல் வகுப்புக்கு முன்பே ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும். வகுப்பில் கதை சொல்லமாட்டார்கள். ஆசானின் பேச்சுநடை கடினமாக இருந்தால், அந்தப் பகுதிகளை வீட்டில் யாரையாவது உட்காரவைத்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாத வாக்கியம் காதுக்குப் பிடிபடும். பென்சில் கொண்டு வாருங்கள், ஓரங்களில் எழுதத் தயங்காதீர்கள். நூலகப் புத்தகத்தை எடுத்து வந்தவர்கள் எதையும் குறித்துக்கொள்ள முடியாமல் திணறினார்கள். ஆகையால் சொந்தப் பிரதி வாங்கிவிடுவது உத்தமம்.